நீர் புகாத பெட்டியில் குரலும் புகுவதில்லை

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இலக்கிய ஆர்வம் கொண்ட நண்பர்கள் சிலர், வட்டாரத்தின் பேச்சையும் சடங்கையும் மலையையும் ஒளிப்பதிவு செய்து வைக்கவேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். நல்ல முடிவு. இருபது ஆண்டுகள் முன்னரே எடுத்திருக்க வேண்டியது. ஆனால் முடிவெடுத்த மறுகணமே விவாதம் கருவிக்குத் தாவி, அங்கேயே தேங்கி நிற்கிறது. சட்டைப்பையில் அடங்க வேண்டும். கீழே விழுந்தால் உடையக் கூடாது. அருவியில் நனைந்தால் கெடக் கூடாது. செண்பகத்தோப்புக்கும் சதுரகிரிக்கும் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கும் ஒன்றே போதுமானதாக இருக்க வேண்டும். இந்த நான்கு நிபந்தனைகளை எழுதிவைத்துக்கொண்டு, எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை ‘கே’ துல்லியம் என்று அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த அட்டவணையில் ஒலிக்கு ஒரு கட்டம்கூட இல்லை. என் சண்டை அந்த இல்லாத கட்டத்துக்காகத்தான்.

முதலில் ஆழம். இன்று விற்கும் டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 5 ப்ரோ 20 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்கிறார்கள். அதாவது அறுபத்தைந்து அடிக்கு மேல். நம் பக்கத்துப் பிளவக்கல் பெரியாறு அணை நிரம்பி வழிந்தாலும் நீர்மட்டம் 47 அடிச் சொச்சம்தான். அணையின் அடியில் போய் யாரிடம் பேட்டி எடுக்கப் போகிறோம்? அய்யனார் கோவில் ஆற்றில் இடுப்பளவு நீரில் நிற்பவருக்கு இருபது மீட்டர் ஆழம் என்பது வாங்கியவரின் பெருமைக்கு மட்டுமே உதவும் எண். அந்த எண்ணுக்காகக் கொடுக்கும் விலை பணம் மட்டுமல்ல என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நீர்புகாமை என்பது ஒரே ஒரு குணம் என்று நம்புவதே முதல் பிழை. ‘ஐபி 67’, ‘ஐபி 68’ என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்களே, அது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529 என்ற தர வரையறையிலிருந்து வருவது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாம் இலக்கம் நீருக்கு. தூசி இலக்கம் 6 என்றால் தூசி அறவே புகாது. நீர் இலக்கம் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம் அசையாமல் கிடந்தால் தாங்கும். 8 என்றால் அதைவிடக் கடுமையாக, தயாரிப்பாளர் தானே சொல்லும் ஆழத்தில், தானே சொல்லும் நேரத்துக்கு. பீய்ச்சி அடிக்கும் நீருக்கு 5, 6 என்ற வேறு இலக்கங்கள் உள்ளன. அவற்றுக்குச் சோதனையும் வேறு. மூழ்கடித்துச் சோதித்த கருவி பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்று அந்த வரையறை எங்கும் உறுதி சொல்லவில்லை. இரண்டையும் தாங்கும் என்றால் இரண்டு இலக்கங்களையும் சேர்த்தே அச்சிட வேண்டும். அருவி என்பது மேலிருந்து அறையும் நீர். தொட்டியில் கிடந்து தேறிய கருவியை அருவிக்குக் கீழே நீட்டுபவர், நீச்சல் தெரியும் என்பதால் காளையை அடக்கவும் தெரியும் என்று வாடிவாசலில் இறங்குபவரைப் போன்றவர்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. விற்பவர்கள் அதைப் பேசுவதே இல்லை. அந்தச் சோதனையில் கருவியின் வெப்பத்துக்கும் நீரின் வெப்பத்துக்கும் ஐந்து பாகைக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பைக்கின் முன்பையில் கிடந்து 45 பாகைக்குச் சூடான கேமராவை, 25 பாகையில் ஓடும் மலையாற்றில் முக்கினால் என்ன ஆகும்? உள்ளே அடைபட்ட காற்று சுருங்குகிறது. அழுத்தம் ஏறத்தாழ ஆறு சதவிகிதம் குறைகிறது. வெளிநீர் அந்த வெற்றிடத்தை நிரப்பத் துடிக்கிறது. அறுபது சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து அழுத்துவதற்குச் சமமான தள்ளுவிசை, நீரின் மேற்பரப்பிலேயே கிடைத்துவிடுகிறது. அழுத்தத்தைச் சமன்செய்யும் சவ்வு உள்ள கருவிகள் ஓரளவு தப்பும். மற்றவற்றில், கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு தலைமுடி சிக்கியிருந்தால் போதும். நீர் புகாவிட்டாலும் உள்ளிருந்த ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பனியாகப் படிந்துவிடும். அன்றைய பதிவு முழுவதும் மார்கழி அதிகாலையில் எடுத்தது போலத் தெரியும். ஆற்றில் இறக்குமுன் கருவியைக் கால்மணி நேரம் நிழலில் வைப்பதுதான் பரிகாரம். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. எந்த விளம்பரத்திலும் இடமுமில்லை.

‘சுறுசுறுப்பான பயன்பாட்டுக்கான கேமரா’ என்ற கருத்தே எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நிக் வுட்மன் என்ற அமெரிக்க அலைச்சறுக்கு ஆர்வலர் 2002இல் தொடங்கிய நிறுவனம்தான் பின்னர் கோப்ரோ ஆனது. 2004இல் விற்பனைக்கு வந்த முதல் கருவி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் 35 மில்லிமீட்டர் பிலிம் கேமரா. அதன் பெயர் ‘ஹீரோ’. இன்றுவரை அந்த வரிசைக்கு அதே பெயர்தான். இதைத் தற்செயல் என்று நான் எண்ணவில்லை. அலைமீது சறுக்குபவன் தன்னைத் தானே பிரமாண்டமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையிலிருந்து பிறந்த கருவி அது. கைநீள தூரத்தில் இருக்கும் முகத்தையும் பின்னால் எழும் அலையையும் ஒரே சட்டத்தில் அடைக்கவேண்டும் என்பதால் மிக அகன்ற வில்லை. எங்கே முக்கினாலும் எப்படி விழுந்தாலும் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதால் நிலைத்த குவியம். பேச்சுக்கு அங்கே வேலையில்லை, பின்னர் இசை சேர்த்துக்கொள்வார்கள் என்பதால் ஒலி கடைசி அக்கறை. சறுக்குபவனுக்கு இவை அனைத்தும் சரியான தேர்வுகள். அந்தக் கருவிமீது எனக்குப் புகாரில்லை. அதைத் தவறான வேலைக்கு அழைப்பவர்களிடம்தான் புகார். பிறரைப் பதிவு செய்யக் கிளம்புகிறவர், பதிவு செய்பவனையே நாயகனாக்கும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு போவது எந்த வகையில் பொருத்தம்?

ஸ்ரீவில்லிபுத்தூரின் மலையடிவாரத்தைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரும் சாம்பல் நிற அணிலை எடுத்தே தீருவேன் என்கிறார்கள். அதற்கென்றே 1988இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டு, 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். அணில் கூடு பதினைந்து மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். கிடைமட்டத்தில் 120 பாகை அகலம் பார்க்கும் வில்லை, அந்தத் தூரத்தில் ஐம்பது மீட்டருக்கு மேல் அகலமான காட்சியை அள்ளுகிறது. 4கே பதிவின் 3840 புள்ளிகளை அதில் பகிர்ந்தால், ஒரு மீட்டருக்கு எழுபத்துச் சொச்சம். ஒன்றேகால் அடி உடல் கொண்ட அணிலுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ முப்பது புள்ளிகள். இலையா அணிலா என்று எடுத்தவரே சத்தியம் செய்ய வேண்டியிருக்கும். ‘கே’ எண்ணிக்கையை உயர்த்தினால் தீரும் சிக்கல் அல்ல இது; தேவைப்படுவது ஒளியியல் உருப்பெருக்கம். அந்த நண்பருக்குத் தேவை பழைய ஜூம் கேமராவும் பொறுமையும், நீர்புகாமை அல்ல. கூடவே வனத்துறையின் அனுமதி.

அதே வில்லை அருகிலும் காலைவாரும். நிலைத்த குவியம் கொண்ட கருவிகள் பெரும்பாலும் ஒரு முழத்துக்கு உள்ளே வந்தால் மங்கிவிடும். கல்வெட்டின் ஒரு எழுத்தையோ, ஓலையின் ஓரத்து எழுத்தாணிக் கீறலையோ, தறியில் பூட்டிய நூலையோ எடுக்க முடியாது. இந்த ஒரு வகையில் ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் டிஜி-7 போன்றவை மேல். 15 மீட்டர் ஆழம் தாங்குவதோடு, நான்கு மடங்கு உருப்பெருக்கமும் ஒரு சென்டிமீட்டர் வரை நெருங்கிப் பார்க்கும் திறனும் அதற்கு உண்டு. ஆனால் வெளி மைக் பொருத்தும் துளை அதிலும் கிடையாது. கல்வெட்டு பேசாது என்பதால் அதற்குப் பொருந்தும்.

இப்போது ஒலிக்கு வருகிறேன். நம்முடைய வேலை என்ன? அலைச்சறுக்கா? நாம் பதிவு செய்ய விரும்புவதாகச் சொல்பவை எவை என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கலாம். இராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டுக்குள் பேசும் தெலுங்கு; ஆந்திரத் தெலுங்கிலிருந்து நூற்றாண்டுகளாகப் பிரிந்து, தமிழ்நாட்டு மண்ணில் வேறு ருசி ஏறிய மொழி. அதைப் பேசுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் எழுதுவது தமிழில்தான். ஆகவே ஏட்டில் இல்லை. நாவில் மட்டும் இருக்கிறது. செண்பகத்தோப்புப் பளியர்களின் பேச்சும் பாட்டும். கரிசல் பக்கத்து விவசாயக் கிழவர்களின் மழைக்கணக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றும் நிகழும் அரையர் சேவை. திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, இங்கே என்று விரல்விட்டு எண்ணும் தலங்களிலேயே எஞ்சியிருக்கும் கலை அது. இந்தப் பட்டியலில் நீருக்கடியில் நிகழ்வது எது? அனைத்தும் குரல். கி.ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி கண்டது காதையும் பேனாவையும் வைத்து. அவர் வேலையைத் தொடர்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, காதை அடைத்துக்கொண்ட கருவியை வாங்குவது அபத்தம் அல்லாமல் வேறென்ன?

அடைத்துக்கொண்ட காது என்பதை அலங்காரமாகச் சொல்லவில்லை. கேமராவின் உடலில் மைக்கின் துளைதான் ஒலி நுழையும் வாசல்; நீர் நுழையும் வாசலும் அதுவே. நீரைத் தடுக்க அந்த வாசலில் மெல்லிய சவ்வு ஒன்றை ஒட்டுகிறார்கள். சவ்வு நீரோடு சேர்த்து உயர் அதிர்வெண்களையும் தின்கிறது. உரத்த சத்தம் கேட்கும்; நுணுக்கம் போய்விடும். தமிழில் லகர, ளகர, ழகர வேறுபாடு பெரிதும் தங்கியிருப்பது 2000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில். ஸகரத்தின் உரசல் 4000க்கும் மேலே. அவை மங்கினால் என்ன சொன்னார் என்பது புரியும், எப்படிச் சொன்னார் என்பது போய்விடும். பொழிப்புரை கிடைக்கும், மூலம் கிடைக்காது. வட்டார வழக்கு ஆய்வில் ‘எப்படி’ என்பதைத் தவிர வேறென்ன இருக்கிறது? நீரில் முக்கி எடுத்த பிறகோ நிலைமை இன்னும் மோசம். சவ்வின்மேல் நீர்ப்படலம் நிற்கும் வரை, பேசுபவர் குடத்துக்குள் இருந்து பேசுவார்.

சவ்வு மிகச் சிறந்தது என்றே வைத்துக்கொள்வோம். தூரம் என்று ஒன்று இருக்கிறதே. பேசுபவரின் சட்டையில் பொருத்திய மைக் வாயிலிருந்து பதினைந்து சென்டிமீட்டரில் இருக்கும். எதிரே அமர்ந்தவர் கையிலுள்ள கேமரா நான்கடியில். எட்டு மடங்கு தூரம்; திறந்தவெளியில் ஏறத்தாழ 18 டெசிபல் இழப்பு. சுற்றிலும் உள்ள சத்தமோ அப்படியே இருக்கும். இதற்குமேல், இந்தச் சிறு கருவிகள் ஒலி மட்டத்தைத் தாமாகவே ஏற்றி இறக்குகின்றன. அரையர் கைத்தாளத்தைத் தட்டும் கணத்தில் கருவி அஞ்சி ஒலியைக் கீழே இறக்கும். அடுத்து மெல்ல எழும் சொல்லின் முதல் அசை பள்ளத்தில் விழுந்துவிடும். தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுபவர்கள் ஒருவருக்கொருவர் கூவிக்கொள்ளும் குறிப்புச் சொற்கள் எவ்வளவு அருமையானவை! கொட்டுச் சத்தத்துக்கும் கூட்டத்தின் கோஷத்துக்கும் நடுவில் இந்தக் கருவிகள் அவற்றைக் கூழாக்கித் தரும்.

வெளி மைக் பொருத்தலாமே என்பார்கள். பொருத்தலாம். பொருத்த வேண்டுமானால் பெரும்பாலானவற்றில் பக்கவாட்டுக் கதவைத் திறந்து கம்பியைச் செருக வேண்டும். திறந்த கதவோடு நீர்புகாமை விடைபெறுகிறது. எதற்காகக் காசு கொடுத்தோமோ அதைக் கழற்றிவைத்தால்தான் எதற்காக வந்தோமோ அது நடக்கும்! முன்சொன்ன ஆக்‌ஷன் 5 ப்ரோ, தன் நிறுவனத்தின் கம்பியில்லா மைக்குகளை நேரடியாக ஏற்கிறது என்பதால் அதற்கு மட்டும் அரை மதிப்பெண் கூடுதலாகத் தரலாம். ஆனால் அந்த மைக்குகளும் ஆற்றில் இறங்குவதற்கானவை அல்ல.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்றிருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த மலைச்சரிவில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. கருவி நனைந்து செத்தால் ஒலியுமில்லை ஒளியுமில்லை என்கிறார்கள். உண்மை. ஆனால் மழையைத் தாங்குவதற்கும் மூழ்கிக் கிடப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. மழைக்குக் குடை போதும்; ஜிப் வைத்த தடித்த உறை போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். மேலே எங்கோ பெய்த மழை கீழே ஓடையில் வரும்போது கையில் இருப்பது எத்தனை மீட்டர் தாங்கும் கருவி என்பது ஒரு பொருட்டே அல்ல. ‘எதையும் தாங்கும்’ என்று எழுதிய பெட்டி, அதை வைத்திருப்பவருக்கும் அதே எண்ணத்தைத் தொற்றவைக்கிறது. தண்ணீர் ஏறினால் கரைக்கு ஓட வைக்கும் கருவியே இந்த மலைக்கு நல்லது.

கைப்பேசியே போதும் என்று சொல்லும் இன்னொரு அணியோடு எனக்குப் பாதி உடன்பாடு. படம் போதும். ஆனால் ஈரவிரலையும் மழைத்துளியையும் தொடுதிரை பிரித்தறியாது. பாட்டி பாடிக்கொண்டிருக்கும்போது வங்கிக் கடன் வேண்டுமா என்று அழைப்பு வரும். நீர்புகாது என்று விற்றாலும், நீரால் வந்த சேதத்தைப் பெரும்பாலான நிறுவனங்களின் உத்தரவாதம் ஏற்பதில்லை. பழைய கைப்பேசி ஒன்றை, சிம் கார்டைக் கழற்றிவிட்டு இதற்கென்றே ஒதுக்கலாம்.

புதிது புதிதாக வருவதை வாங்கத் துடிப்பவர்கள் பக்கத்திலேயே நடந்த வரலாற்றையும் பார்க்க வேண்டும். சட்டைப்பை வீடியோ கேமரா என்ற வகையையே பிரபலமாக்கியது ஃப்ளிப். 2009இல் சிஸ்கோ அதை 59 கோடி டாலருக்கு வாங்கியது. 2011 ஏப்ரலில் இழுத்து மூடியது. 2010இல் வந்த கோடக் பிளேஸ்போர்ட், மூன்று மீட்டர் வரை நீரில் இறங்கக்கூடிய எளிய, மலிவான கருவி, விரும்பியவர் பலர். 2012இல் கோடக் திவால் பாதுகாப்பு கோரியது, அடுத்த மாதமே கேமராத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. ஆனால் அந்தப் பிளேஸ்போர்ட்டில் கழற்றி மாற்றும் பேட்டரியும் பொதுவான எஸ்டி அட்டையும் இருந்ததால், கம்பெனி போன பிறகும் கருவி பிழைத்தது. நம் ஊர் வெப்பத்தில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். மாற்ற முடியாத பேட்டரியை உள்ளே வைத்து ஒட்டிய கருவிக்கு, அந்தப் பேட்டரியின் ஆயுளே தன் ஆயுள். அடைத்த உடலில் காற்றோட்டம் இல்லாததால் 4கே பதிவில் சூடேறித் தானே அணைந்துவிடும் சங்கடமும் உண்டு. 1080இல் எடுத்தால் இது பெரிதும் குறையும். உரையாடலைப் பதிய 1080 தாராளம்.

ஆகவே கையிலுள்ள தொகையை இப்படிப் பிரிக்கச் சொல்கிறேன். பாதிக்கும் குறைவாகக் கேமராவுக்கு: மழைத்தூறலும் தூசியும் தாங்கினால் போதும், பேட்டரி கழற்ற வருவதாக இருக்க வேண்டும், பழையதாக இருந்தாலும் தாழ்வில்லை. மீதியில் கால்பங்கு தனி ஒலிப்பதிவுக் கருவிக்கும் சட்டை மைக்குக்கும். ஒலிமட்டத்தைக் கையால் நிலைநிறுத்தும் வசதி அதில் இருக்கிறதா என்று கடையிலேயே அழுத்திப் பார்த்து வாங்க வேண்டும். பதிவு தொடங்கும்போது கேமரா முன்னால் ஒருமுறை கைதட்டினால், பிறகு படத்தையும் ஒலியையும் பொருத்துவது எளிது. மிஞ்சியது சேமிப்புக்கு. நொடிக்கு 60 மெகாபிட் வீதத்தில் எடுத்தால் ஒரு மணி நேரம் 27 ஜிகாபைட். நூறு மெகாபிட் என்றால் 45. பத்துப் பேரிடம் இரண்டிரண்டு மணி நேரம் பேசினாலே அரை டெராபைட்டுக்கு மேல் போய்விடும். இரண்டு வன்தகடுகளில் இரண்டு பிரதிகள், ஒன்று இராஜபாளையத்தில் ஒருவர் வீட்டில், மற்றது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் வீட்டில். பேசியவரின் குடும்பத்துக்கும் ஒரு பிரதி. அவர்கள் வேண்டாம் என்று சொன்ன பகுதியை அவர்கள் முன்னாலேயே அழித்துவிட்டு.

இதை ஏற்காத நண்பர்களுக்கு ஒரு சோதனை. உங்கள் இருபது மீட்டர் கேமராவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவில் ஆற்றங்கரைக்குப் போங்கள். உள்ளூர் முதியவர் ஒருவரை, அவர் சம்மதித்தால், ஓடையருகே உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து, அந்தப் பக்கமே வராத ஒருவரிடம் கொடுத்து, கேட்டதைச் சொல்லுக்குச் சொல் எழுதச் சொல்லுங்கள். எழுதிய தாளில் எத்தனை இடத்தில் புள்ளிக்கோடு இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். பிறகு அட்டவணையை மறுபடி எடுத்துவைத்துக்கொண்டு பேசலாம்.